வலி நின்ற பிறகு வந்த காய்ச்சல்: சிறுநீர்க்குழாய்க் கல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 39 வயது ஆண். கோவையில் ஒரு பவுண்டரியில் உருக்கு உலையருகே வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. அப்பாவுக்கு இரண்டு முறை கல் வந்திருக்கிறது. கல்லடைப்புச் சிகிச்சையில் அடிக்கடி நடக்கும் பிழைகளை ஒரே ஆளின் கதையாகக் கோத்துச் சொல்வதற்காக அமைத்த மாதிரி நோயாளி இவர். பரிசோதனை எண்கள், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் வழக்கமாகக் காணப்படும் அளவில் உள்ளவை.

முதல் நாள்

அதிகாலை 2 மணிக்கு இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வலி. அரை மணி நேரத்தில் அது முன்பக்கம் இறங்கி அடிவயிறு, விரை வரை இழுத்தது. இரண்டு முறை வாந்தி. உட்கார்ந்தும் பார்த்தார், படுத்தும் பார்த்தார். எதிலும் நிம்மதி இல்லை. இந்தப் புரளல் ஒரு நல்ல துப்பு. குடல்வால் வெடித்தவர் அசைந்தால் வலி கூடும் என்று சுருண்டு கிடப்பார். கல்லடைப்புக்காரரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. ஆனால் இந்தத் துப்பை மட்டும் நம்பி முடிவு கட்டவும் கூடாது. 60 வயதைத் தாண்டிய ஆணுக்கு முதல்முறையாக இப்படி வலி வந்தால் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தையும், இளம்பெண்ணுக்கு வந்தால் கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தையும், பையனுக்கு வந்தால் விரை முறுக்கையும் பார்த்து விலக்கிய பிறகே கல் என்று சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் 75 மி.கி. ஊசி போட்டார்கள். 40 நிமிடத்தில் வலி அடங்கியது. ஊசியில் தவறில்லை. அல்சர், ஆஸ்துமா, ஏறிய கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) இவை இல்லாதவருக்கு முதலில் போட வேண்டிய மருந்து வகை அதுதான். வலியைக் குறைப்பதோடு சிறுநீரகத்துக்குள் ஏறிய அழுத்தத்தையும் அது குறைக்கிறது. கூடவே ஏற்றிய இரண்டு பாட்டில் சலைன்தான் வீண். வாந்தியில் உடம்பு வறண்டிருந்தால் அது வேறு விஷயம். மற்றபடி, நீரை ஏற்றிக் கல்லைத் தள்ளிவிட முடியாது. அடைபட்ட பக்கம் சிறுநீர் கூடுதலாக ஊறினால் வலிதான் கூடும்.

விட்டுப்போனவை இரண்டு: சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின். இரண்டும் எந்த லேபிலும் அன்றைக்கே முடிகிற வேலை. சிறுநீரில் சீழ் செல்கள் தெரிந்திருந்தால் பின்னால் நடந்தவற்றின் போக்கே மாறியிருக்கக்கூடும்.

மூன்றாம் நாள் ஸ்கேனில் தெரிந்த கல்

வயிற்று அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் மூன்று விஷயங்கள் இருந்தன. வலது சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில் (சிறுநீர் சேரும் உள்ளறை) 4 மி.மீ. கல். இடது சிறுநீரகத்திலும், அதிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியிலும் லேசான வீக்கம். குடல் வாயு மறைப்பதால் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதி தெரியவில்லை.

வீட்டில் எல்லார் கண்ணும் அந்த 4 மி.மீ. மேலேயே நின்றது. ‘சின்னக் கல்தான், தானே போயிடும்’ என்று ஆயிற்று. வலித்தது இடப்பக்கம், அறிக்கை சொன்ன கல் வலப்பக்கம். அந்த வலக் கல் சிறுநீரகத்துக்குள் சும்மா கிடந்தது, வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலிக்குக் காரணமான கல் ஸ்கேனில் தெரியவே இல்லை. இடப்பக்க வீக்கம் மட்டும் கீழே எங்கோ ஓர் அடைப்பு இருப்பதைக் காட்டியது. இந்தக் குழப்பம் அரிதல்ல. அறிக்கையைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது எந்தப் பக்கம், சிறுநீரகமா சிறுநீர்க்குழாயா, வீக்கம் உண்டா என்கிற மூன்றும்தான். மில்லிமீட்டர் அதற்குப் பிறகு.

சிறுநீர்க்குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்ளளவு 3 முதல் 4 மி.மீ. கல் மாட்டிக்கொள்ளும் குறுகலான இடங்கள் மூன்று: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பு ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். மேற்கோடியையும், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கீழ்க்கோடியையும், அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம். நடுவில் உள்ள நீளம் பெரும்பாலும் தெரியாது. ஆகவே வீக்கம் இருந்து கல் தெரியாவிட்டால் அடுத்த படி மருந்து ஏற்றாத, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். சாய ஊசி கிடையாது. படம் எடுக்கச் சில நிமிடம்தான். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இதைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பார்கள்.

கல் தானே விழுமா என்பதற்கு ஓரளவு கணக்கு உண்டு. சிறுநீர்க்குழாயில் உள்ள 5 மி.மீ.க்கும் சிறிய கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானே வெளியேறும். 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவு. கல் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. குழாயின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி. இரவில் ஒன்று என்று தருவது, கீழ்ப்பகுதியில் உள்ள 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்குத்தான் ஓரளவு உதவும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், விந்து வெளிவராமல் உள்ளே போகலாம். இரண்டையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதியில் நிறுத்த மாட்டார்கள். காத்திருப்பதற்கும் எல்லை உண்டு: காய்ச்சல் இல்லாமல், வலி மாத்திரைக்கு அடங்கி, கிரியாட்டினின் ஏறாமல் இருந்தால் 4, அதிகம் போனால் 6 வாரம். அதுவரை டீ வடிகட்டியிலோ மெல்லிய துணியிலோ சிறுநீரை வடிகட்டிக் கல்லைப் பிடித்து வைக்க வேண்டும். கண்ணால் பார்க்காத கல் போய்விட்டதாகக் கணக்கில் வராது.

இவர் செய்தது வேறு. தினமும் வாழைத்தண்டுச் சாறு குடித்தார். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சிறுநீர்க்குழாயில் இறுகி உட்கார்ந்த, பின்னால் சி.டி.யில் 9 மி.மீ. என்று தெரிந்த கல்லை அது நகர்த்தும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்றும் இல்லை. ஆபத்தான சாறுகள் வேறு இருக்கின்றன. நட்சத்திரப் பழச் சாற்றையும், கேரளத்தில் இரும்பன் புளி என்கிற பிலிம்பிக் காய்ச் சாற்றையும் வெறும் வயிற்றில் குடித்து, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்கள் உண்டு.

ஒன்பதாம் நாள்

வலி முழுதாக நின்றது. கல் விழுந்துவிட்டது என்று முடிவு செய்து வேலைக்குப் போனார்.

இந்த நிகழ்வில் மிக மோசமாக ஏமாற்றிய அறிகுறி இதுதான். கல் குழாயைச் சுரண்டுவதால் மட்டும் வலி வருவதில்லை. தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தின் உட்பையையும் உறையையும் திடீரென இழுத்து விரிப்பதே பெரும்பங்கு. அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், வடிகட்டல் குறையும், உள்ளழுத்தம் இறங்கும். வலியும் போய்விடும். கல் அதே இடத்தில் இருக்கும். முழு அடைப்பு இரண்டு வாரத்தைத் தாண்டினால் சிறுநீரகம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறைகிறது. வலி நின்ற வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து இடப்பக்க வீக்கம் வடிந்ததா என்று பார்த்திருந்தால் போதும்.

பத்தொன்பதாம் நாள்: எந்த டாக்டர்?

மாலையில் குளிர் நடுக்கத்தோடு 102 டிகிரி காய்ச்சல். இடது விலாவைத் தட்டினால் வலி. வாந்தி. குடும்பத்தார் ‘கிட்னி டாக்டர்’ என்று விசாரித்ததில் நான்கு நாள் கழித்து ஒரு நெஃப்ராலஜிஸ்டிடம் நேரம் கிடைத்தது. நல்ல மருத்துவர்தான், ஆனால் இந்த வேளைக்கு உரியவர் அல்லர். நெஃப்ராலஜி டி.எம். படித்தவர் சிறுநீரகம் செயலிழப்பது, டயாலிசிஸ், புரத ஒழுக்கு, திரும்பத் திரும்ப உருவாகும் கல்லின் ரசாயனக் காரணம் ஆகியவற்றைப் பார்ப்பவர். அடைப்பைத் திறப்பவர் யூராலஜிஸ்ட்: பொது அறுவை சிகிச்சை முடித்து, அதன்மேல் எம்.சிஎச். அல்லது டிஆர்.என்.பி. யூராலஜி படித்தவர். பழைய சான்றிதழ்களில் டி.என்.பி. ஜெனிட்டோ யூரினரி சர்ஜரி என்று இருக்கும்; அதுவும் இதே படிப்புதான். பெயர்ப்பலகையில் ‘கல் சிகிச்சை நிபுணர்’ என்று மட்டும் இருந்தால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ பெயரைத் தேடி மேற்படிப்பு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரவுக்கு அந்தத் தேடலெல்லாம் பொருந்தாது. அடைப்பும் காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசரம், மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியது. சிறுநீர் அறவே வராமல் போவது, ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடைப்பு, கர்ப்பிணிக்குக் கல்லடைப்பு ஆகியவற்றுக்கும் இதே விதி. யூராலஜி பிரிவு, மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றும் ஒரே கூரையின்கீழ் உள்ள இடத்துக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பெரிய தனியார் மருத்துவமனையோ, 108ஐக் கூப்பிட்டாவது நேரே போய்விட வேண்டும். போனில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி (ஸ்டென்ட் என்பது அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் வடிய உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்): ‘இன்றைக்கு ராத்திரியே ஸ்டென்ட் வைப்பீர்களா, அது ஏறாவிட்டால் முதுகு வழியாக டியூப் போட ஆள் இருக்கிறார்களா?’

இரவு 11 மணிக்கு அவசரப் பிரிவில் எடுத்தவை: வெள்ளணுக்கள் 18,600. கிரியாட்டினின் 2.1. சி.டி.யில் இடது சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 9 மி.மீ. கல், அடர்த்தி 1,150 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு), சிறுநீரகத்தில் நடுத்தர வீக்கம், சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சிக் கோடுகள்.

அன்றிரவு செய்ததும் செய்யாததும்

ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு, உடனே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். மருந்து மட்டும் இங்கே போதாது. அடைபட்ட சிறுநீரகம் வடிகட்டுவதில்லை. வடிகட்டாத சிறுநீரகத்தின் சிறுநீருக்குள் மருந்து தேவையான அளவு போய்ச் சேராது. அதனால் முதலில் வடிகால். நள்ளிரவைத் தாண்டி, சிறுநீர்ப்பை வழியாக உள்நோக்கியை (எண்டோஸ்கோப்) செலுத்தி, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே கல்லைத் தாண்டி வழிகாட்டிக் கம்பியை ஏற்றி, அதன்மேல் 6 பிரெஞ்ச் அளவு, 26 செ.மீ. நீள டிஜே ஸ்டென்ட்டை வைத்தார்கள். 3 பிரெஞ்ச் என்பது 1 மி.மீ.; ஆக ஸ்டென்ட்டின் குறுக்களவு 2 மி.மீ. கம்பி ஏறியதும் கல்லுக்குப் பின்னாலிருந்து கலங்கிய சிறுநீர் பீறிட்டு வந்தது. அதிலும் ஒரு மாதிரி கல்ச்சருக்குப் போனது. இது முக்கியம்: முழு அடைப்பில், கீழே சிறுநீர்ப்பையில் எடுத்த சிறுநீர் சுத்தமாக இருந்து, மேலே தேங்கியதில் கிருமி இருக்கலாம். இவருக்கு அப்படித்தான் இருந்தது.

கையோடு கல்லையும் உடைத்திருக்கலாமே என்று குடும்பத்தார் கேட்டது நியாயமான கேள்வி. கல்லை உடைக்கும்போது உள்ளே நீர் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். சீழ் உள்ள சிறுநீரகத்தில் அந்த அழுத்தம் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளும். ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். முதலில் வடிகால், பிறகு கல் என்பதில் பேரம் இல்லை.

ஸ்டென்ட் வைத்த இரண்டாம் நாளும் காய்ச்சல் முழுதாக இறங்கவில்லை. மேல் சிறுநீரின் கல்ச்சரில் செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை வந்தது. மெரோபெனெமுக்கு மாற்றிய 48 மணி நேரத்தில் காய்ச்சல் நின்றது. ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 1.2.

கல்லை எடுத்தது

மூன்று வாரம் கழித்து, மறு கல்ச்சரில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு, அறுவை. இடைப்பட்ட நாட்களில்தான் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கிறது. இங்கே கேள்விகள் கூர்மையாக இருக்க வேண்டும். எந்த மருத்துவமனையிலும் இருக்கிற கருவிக்கு ஏற்பத்தான் யோசனை வரும். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கும் கருவி மட்டும் உள்ள இடத்தில் அதைத்தான் சொல்வார்கள். 10 மி.மீ.க்குக் குறைந்த மேல்பகுதிக் கல்லுக்கு அது தவறான வழி அல்ல. ஆனால் 1,000 ஹவுன்ஸ்ஃபீல்டைத் தாண்டிய கெட்டிக் கல் அதற்கு எளிதில் மசியாது. இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும்.

உள்நோக்கி வழி என்று முடிவானால் அடுத்த கேள்வி: வளையும் உள்நோக்கியும் கல்லை உடைக்கும் ஹோல்மியம் லேசரும் இங்கேயே இருக்கிறதா? இவர் அறுவையில் அதன் காரணம் தெரிந்தது. விறைப்பான உள்நோக்கியை மேலே கொண்டுபோனதும், பாய்ச்சிய நீரின் அழுத்தத்தில் கல் நழுவி மறுபடி சிறுநீரகத்துக்குள்ளேயே போய்விட்டது. மேல்பகுதிக் கல்லில் இது அடிக்கடி நடக்கும். வளையும் உள்நோக்கி இருந்ததால் அதே மேசையில் அதைத் துரத்திப் பிடித்து, லேசரில் உடைத்து, துண்டுகளைக் கம்பிக்கூடையில் எடுத்தார்கள். அது இல்லாத இடம் என்றால் ஸ்டென்ட்டை வைத்து அனுப்பிவிட்டு இன்னோர் அறுவை, இன்னொரு பில்.

மற்ற கேள்விகள் பணத்தோடு சேர்ந்தவை. பேக்கேஜில் ஸ்டென்ட் விலையும் அதைப் பின்னால் எடுக்கும் செலவும் அடக்கமா? கல் இரண்டாம் கட்டத்துக்குப் போனால் யார் செலவு? எடுத்த கல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவீர்களா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான அந்தத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை அந்த மருத்துவமனையில் அங்கீகரிக்கப்பட்டதா என்று காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு யூராலஜிஸ்டிடம் கருத்துக் கேட்கப் போகும்போது அறிக்கைத் தாள் போதாது, சி.டி. படங்கள் உள்ள குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிப் போக வேண்டும்.

ஸ்டென்ட்

அறுவையின் முடிவில் புது ஸ்டென்ட், இரண்டு வாரத்துக்கு. உள்ளே ஸ்டென்ட் இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும், வேலை செய்தால் சிறுநீர் சிவக்கும், கழிக்கும்போது விலாவில் சுரீர் என்று இழுக்கும். சிறுநீர் ஸ்டென்ட் வழியே மேலேறுவதால் வரும் இழுப்பு அது, பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போக வேண்டும்.

சில வாரத்தில் பலருக்கு இந்தத் தொந்தரவு பழகிப்போகிறது. மறப்பது அங்கேதான் தொடங்குகிறது. ஊர் மாறுகிறார்கள், டிஸ்சார்ஜ் தாளின் மூலையில் ஆங்கிலத்தில் இருந்த ஒற்றை வரி கண்ணில் படாமல் போகிறது. மூன்று மாதத்தைத் தாண்டிய ஸ்டென்ட்டின் மேல் உப்புப் படியத் தொடங்கி, ஒரு வருடத்தில் இரண்டு முனையிலும் கல்லே கட்டிவிடலாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல் போட்டுப் பத்து நிமிடத்தில் உருவ வேண்டியதை, முதுகில் துளையிட்டுச் சிறுநீரகக் கல்லையும், கீழே சிறுநீர்ப்பைக் கல்லையும் உடைத்து எடுக்கும் நிலை வரும். சிலருக்குச் சிறுநீரகமே போயிருக்கிறது. எடுக்கும் தேதியைத் தமிழில் எழுதி வாங்கி, நோயாளியின் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் ஏற்றி வைப்பது இதற்குப் போதுமான மருந்து. இவருக்கு 15ஆம் நாள் எடுத்தார்கள்.

ஏன் வந்தது

பகுப்பாய்வில் கல் பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட், கொஞ்சம் யூரிக் அமிலம். ஆறு வாரம் கழித்து 24 மணி நேரச் சிறுநீர். இதைச் சேகரிப்பதில் பாதிப் பேர் தவறுகிறார்கள். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரம் குறிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள். மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். விடுமுறை நாள் வசதி என்று எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பார்கள். இவர் அப்படிக் கொண்டுவந்தது 1,900 மி.லி., கிட்டத்தட்டப் பரவாயில்லை. வேலை நாளில் மறுபடி சேகரித்தபோது 1,050 மி.லி. கல்லை உண்டாக்கியது அந்த இரண்டாவது எண்.

வேலை நாள் அறிக்கையில் சோடியம் 238 மில்லிமோல், அதாவது ஏறக்குறைய 14 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ‘வியர்வையில் உப்புப் போகுதே, அதை ஈடு கட்டணும்’ என்று மோரிலும் கஞ்சியிலும் உப்பை அள்ளிப் போட்டு, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்த்துக்கொண்டிருந்தார். வியர்வையில் போனது போகச் சிறுநீரிலேயே இவ்வளவு வெளியேறுகிறது என்றால் ஈடு எப்போதோ முடிந்துவிட்டது. மிஞ்சிய சோடியம் கூடவே கால்சியத்தையும் சிறுநீருக்குள் இழுத்துக்கொண்டு வரும். 100 மில்லிமோல் சோடியத்துக்குச் சுமார் 40 மி.கி. கால்சியம். இவருடைய சிறுநீர்க் கால்சியம் 320 மி.கி., கல் கட்டாமல் காக்கும் சிட்ரேட் 210 மி.கி. மட்டும், அமிலத்தன்மை அளவு (pH) 5.4. ரத்தக் கால்சியம் சரியாக இருந்ததால், அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

பால், தயிரை நிறுத்தச் சொல்லும் பழைய அறிவுரை இன்னும் பல வீடுகளில் வாழ்கிறது. இத்தாலியில் திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியான ஆய்வில், கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்டவர்களில் 38 சதவீதத்தினருக்கும், கால்சியத்தை வழக்கம்போல் வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 20 சதவீதத்தினருக்கும் மறுபடி கல் வந்தது. சாப்பாட்டோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. ஆகவே சோற்றோடு உப்பில்லாத தயிர் தொடரட்டும் என்றார்கள். தக்காளியைக் குற்றம் சொல்ல ஏதும் இல்லை. பாலக் கீரை, பீட்ரூட், கைநிறைய முந்திரி, பாதாம் ஆகியவற்றில் அளவு வேண்டும். வைட்டமின் சி மாத்திரை தினமும் 1 கிராம் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ‘நிறையக் குடிங்க’ என்று சொல்லி அனுப்புவது உலையருகே நிற்பவருக்கு உதவாது. இலக்கு, வெளியேறும் சிறுநீர் நாளுக்கு 2.5 லிட்டர். எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை எடை இயந்திரம்தான் சொல்லும். ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் நிறுத்துப் பார்த்ததில், 2 லிட்டர் குடித்த பிறகும் 2 கிலோ குறைந்திருந்தார். வெறுமனே சமன் செய்யவே இன்னும் 2 லிட்டர் வேண்டும். சிறுநீருக்கு அதற்கு மேல். குடிக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. கழிப்பறை ஆலையின் மறுகோடியில். உலோகம் ஊற்றும் நேரத்தில் இடத்தை விட்டு நகர முடியாது. ஊற்று முடிந்ததும் 500 மி.லி., ஷிப்ட் முடிந்ததும் ஒரு லிட்டர், இரவு படுக்குமுன் ஒரு தம்ளர், நடுவில் எழுந்தால் இன்னொன்று என்று வேலையின் இடைவெளிக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். உப்பும் சர்க்கரையும் போடாத எலுமிச்சைச் சாறு இரண்டு வேளை. சிட்ரேட் குறைவுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் சிரப், தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு. தொடங்கிய இரண்டு வாரத்தில் ரத்தப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்து அளவைச் சரிசெய்தார்கள். கல் உடைக்கிற வேலையைச் செய்யும் என்று நினைத்து இந்தச் சிரப்பைக் கடையில் தானே வாங்கிக் குடிப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறும் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

ஸ்டென்ட் எடுத்த ஆறாவது வாரத்தில் ஒரு ஸ்கேன் கட்டாயம். கல் இறுகி இருந்த இடத்தில் குழாய் தழும்பாகிச் சுருங்கினால் சிறுநீரகம் மறுபடி வீங்கும். அதற்கு வலியே இல்லாமலும் போகலாம். இவருக்கு இடப்பக்கம் வீக்கம் இல்லை, கிரியாட்டினின் 1.1. வலது கிண்ணத்தின் 4 மி.மீ. கல் அப்படியே கிடக்கிறது. அதைத் தொடவில்லை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், 24 மணி நேரச் சிறுநீர் ஆறு மாதத்தில் இன்னொரு முறை, வேலை நாளில்.